அப்பாவிடம் மிஞ்சிய ஓரெழுத்து

ருஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கிற என் பேத்தி போன வாரம் வீடியோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் பக்கத்தில் யாரோ ஏதோ கேட்க, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு "தா, தா" என்றாள். எதையடி தரச் சொல்கிறாய் என்று கேட்டேன். சிரித்தாள். "அம்மாச்சி, இங்க தா-ன்னா ஆமாம்னு அர்த்தம்" என்றாள். நானும் சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு அவள் சொன்ன பனியும் பரீட்சையும் என் காதில் ஏறவில்லை. போனை வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அறுபதைத் தாண்டிய நம் செட்டுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்களுக்கு வேலை இருக்கும், படிக்க மாட்டார்கள். நமக்குத்தான் மாத்திரை போடுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் சும்மா கிடக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த ஒரு வருஷத்துக் கோடையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். உங்களுக்கும் நினைவிருக்கும். கிணறுகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. இன்னும் ஐந்தடி, இன்னும் பத்தடி என்று எல்லோரும் பாறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற பாதையில் எங்கள் ஊர். எனக்கு ஒன்பது வயது.

என் அப்பா கிணற்றுக்கு வெடி வைக்கிறவர். அந்தக் கோடையில் அவருக்கு இருந்த கிராக்கி கல்யாணச் சமையல்காரருக்குக்கூட இருந்திருக்காது. வாலிபத்தில் வடக்கே ரயிலுக்குச் சுரங்கம் குடைகிற வேலைக்குப் போய் அங்கே கற்றுக்கொண்டு வந்தது. அவருக்குக் கூட்டாளி ஒருத்தர் இருந்தார். ஆந்திரப் பக்கத்திலிருந்து பாறை உடைக்க வந்து எங்கள் ஊரிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டவர். அப்பாவை அண்ணன் என்பார், அம்மாவை அண்ணி என்பார். நான் அவரைச் சித்தப்பா என்றேன். அவர்கள் இரண்டு பேரும் கிணற்றுக்குள் இறங்கினால் தெலுங்கில்தான் பேசிக்கொள்வார்கள். மேலே வந்து பீடியைப் பற்ற வைத்தால் தமிழுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அப்பா வேலை முடிந்து வந்தால் சட்டையில் ஒரு வாசனை வரும். பழம் அழுகின மாதிரி, கொஞ்சம் இனிப்பாக. அது பாறைக் குழியில் திணிக்கிற வெடிமருந்துத் தோட்டாவின் வாசனை. தோட்டாவைக் கையால் தொட்டு வேலை செய்கிறவர்களுக்கு அன்று முழுக்கத் தலைவலி மண்டையைப் பிளக்கும். அம்மா சுக்கை அரைத்துப் பற்றுப் போடுவாள். எங்கள் வீட்டில் அப்பாவின் தலைவலியை யாரும் ஒரு நோயாக எண்ணியதில்லை. வேலைக்குப் போனார் என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான்.

அப்பாவின் கணக்கு எல்லாம் கல்லில்தான். பாறையில் எத்தனை குழி போட்டுத் தோட்டா திணித்தாரோ, அத்தனை கூழாங்கல்லை வேட்டி மடியில் கட்டிக்கொள்வார். திரியைப் பற்றவைத்துவிட்டு மேலே ஏறி ஓடி வந்து, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கல்லை எடுத்து வீசுவார். மடி காலியானால் "தீந்துச்சு" என்று உரக்கச் சொல்வார். அதற்குப் பிறகுதான் யாரும் கிணற்றுப் பக்கம் போகலாம். ஒரு கல் மிஞ்சினால் ஒரு வெடி உள்ளே உயிரோடு கிடக்கிறது என்று அர்த்தம். மறுநாள் அவர் ஒருத்தர் மட்டும் இறங்கி அதைத் தேடுவார். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எண்ணுகிறவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும், வாய்க்குள்கூட எண்ணக்கூடாது. எங்கேயோ ஒரு கிணற்றில் இரண்டு பேர் எண்ணி, ஆறு என்றும் ஏழு என்றும் சண்டை போட்டுக்கொண்டு, கடைசியில் சத்தமாகப் பேசினவன் சொன்னதை நம்பி ஆள் இறங்கிச் செத்தானாம். அதனால் சித்தப்பாகூட எண்ண மாட்டார்.

இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கற்கள்தான். சாதாரணச் சரளை கலந்துவிடக் கூடாது என்று, அம்மா பிறந்த ஊரான ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்காட்டுச் செம்மண்ணில் பொறுக்கிய வெள்ளைக் கூழாங்கற்களைத்தான் வைத்திருப்பார். கோழி முட்டையைச் சின்னதாக்கின மாதிரி வழவழவென்று இருக்கும். கல்லாங்காய் ஆட அதைவிட நல்ல கல் கிடைக்காது. ஒன்றே ஒன்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். "அது வெளயாட்டுக்கு இல்ல தாயி" என்று மட்டும் சொல்வார். ஏன் என்று சொல்ல மாட்டார். பெண்பிள்ளைக்கு எதற்கு வெடிக் கதை என்று நினைத்திருப்பார்.

ஒருநாள் தெற்குக் காட்டுக் கிணற்றில் வேலை. நான் மோர் கொண்டுபோனேன். அப்பா குடித்துவிட்டு, தலை வலிக்கிறது என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "தோட்டா வலி" என்றார் சித்தப்பா. எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. சாயங்காலம் நாலு மணி வாக்கில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, வேலமரத்துக்குப் பின்னால் எங்களை உட்காரச் சொன்னார்கள். வெடி வெடித்தது. மண் அதிர்ந்தது. அப்பா கல்லை வீசிக்கொண்டே இருந்தார். பிறகு சத்தம் நின்றது. அப்பா விரல் நடுவே ஒரு கல்லை வைத்துக்கொண்டு கிணற்றையே பார்த்து நின்றார். அவர் "தீந்துச்சு" என்று சொல்வதற்காக எல்லோரும் காத்திருந்தோம். அவர் சொல்லவில்லை. மெல்ல உட்கார்ந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. சித்தப்பா ஓடிப்போய்ப் பிடித்தார்.

மாட்டுவண்டியில் படுக்கவைத்து ரோடு வரைக்கும் கொண்டுபோனார்கள். நான் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறுக மூடியிருந்த அந்தக் கை வழியில் எங்கேயோ தளர்ந்து திறந்துகொண்டது. கல் என் கையில் விழுந்தது. நான் அதைத் திருடவில்லை. பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்பாவுக்குக் குணமானதும் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு வெடி கிணற்றுக்குள் இடிந்த பாறைக்கு அடியில் உயிரோடு கிடந்தது. அதற்கு இருந்த ஒரே சாட்சி என் இடுப்பில் இருந்தது.

அரியலூர் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு எழுத்துதான் மிச்சம். தா. டாக்டர் அம்மாவிடம் தெளிவாகச் சொன்னார். "அது வார்த்தை இல்லம்மா. நாக்குல தங்கிப்போன சத்தம். எதச் சொல்ல நெனச்சாலும் அதான் வரும்." அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். ஆனால் நம்பவில்லை. புருஷன் வாயைத் திறந்து தா என்கிறான், அது வார்த்தை இல்லை என்றால் எந்தப் பெண்டாட்டி ஒத்துக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர், கஞ்சி, பீடி, போர்வை, விசிறி. ஒவ்வொன்றாக அவர் முன்னால் நீட்டுவாள். "இதுவா? இதத் தரட்டுமா?" அவர் இடது கையால் தட்டிவிடுவார். "தா" என்பார், கண்ணில் தண்ணீர் வழியும். அம்மா உள்ளே போய் இன்னொன்றைத் தேடுவாள். வீட்டிலிருந்த சாமான் அத்தனையும் அந்த வாரத்தில் ஒரு முறை அவர் கட்டிலுக்குப் போய் வந்தது. கல்யாணத்துக்கு வாங்கின பட்டு வேட்டியைக்கூட எடுத்து வந்து காட்டினாள்.

பக்கத்து வீட்டில் மிலிட்டரியில் இருந்து திரும்பின தாத்தா ஒருத்தர். அவர் வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "நீ ஏம்மா சாமானத் தூக்கிக்கிட்டு அலையற. வடக்க அத்தன வருசம் இருந்தவன். இந்தியில தா-ன்னா இருந்துச்சுன்னு அர்த்தம். பழசையெல்லாம் நெனச்சிப் பேசுறான். பேசட்டும் வுடு." பிறகு அவரும் அப்பாவும் மணிக்கணக்காக எதிரெதிரே இருப்பார்கள். தாத்தா இந்தியில் எதையோ சொல்லுவார், அப்பா தா என்பார், தாத்தா பெருமூச்சு விடுவார். அவருக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது.

சித்தப்பாவின் கணக்கு வேறு. "எங்க தெலுங்குல தா-ன்னா வான்னு கூப்பிடறது அண்ணி. கெணத்துக்குள்ள நாங்க அதத்தான் சொல்லிக்குவோம். அண்ணன் என்னக் கூப்புடுறாரு." எழுத்தில் எழுதினால் எல்லாம் ஒன்றுதான். சித்தப்பா சொல்லும்போது நாக்கு இன்னும் கொஞ்சம் மெத்தென்று விழும். அப்பாவின் வாய் கோணியிருந்ததால் எது மெத்து, எது வன்மை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சித்தப்பா கூப்பிட்ட மாதிரியே தினமும் வந்தார். கால் பிடித்துவிடுவார். ஆளாளுக்கு ஓர் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, அந்த அர்த்தத்துக்குத் தகுந்தபடி அப்பாவிடம் அன்பாக இருந்தார்கள். அதில் ஒருத்தரைக்கூட என்னால் குறை சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஆறாம் நாள் காலையில் நான் மூலையில் உட்கார்ந்து கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தேன். நாலு கறுப்புக் கல், நடுவில் அந்த ஒரு வெள்ளைக் கல். அப்பா பார்த்துவிட்டார். தா, தா என்று கட்டில் சட்டத்தை இடது கையால் அடித்தார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். வீட்டுக்குள் கல்லாங்காய் ஆடினால் தரித்திரம் என்பது அவள் நம்பிக்கை. அப்பா அடித்துக்கொள்வதும் அதற்காகத்தான் என்று எண்ணிவிட்டாள். கையிலிருந்த கரண்டிக் காம்பால் என் முட்டியில் ஒன்று வைத்தாள். "மனுசன் கெடக்குற கெடையில வூட்டுக்குள்ள கல்லாடுறியா. இனிமே உங்கிட்ட ஒரு கல்லப் பாத்தேன், கையச் சுட்டுடுவேன்" என்றாள். நான் கல்லை எல்லாம் வாரிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். கறுப்புக் கற்களை அங்கேயே எறிந்தேன். வெள்ளையை மட்டும் மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சித்தப்பா வந்தார். கிணற்றுக்காரர் நெருக்குகிறார், ஆடு மாடு தண்ணீருக்குத் தவிக்கிறது, நாளைக்கு இறங்கி இடிந்த கல்லை அள்ளப்போகிறேன் என்றார். வெடி எத்தனை கேட்டது என்று விசாரித்தாராம். ஆளுக்கு ஓர் எண்ணிக்கை சொன்னார்களாம். பிறகு அம்மாவிடம் கேட்டார்.

"அண்ணி, அன்னைக்கு அண்ணன் மடியில கல்லு ஏதும் இருந்துச்சா?"

"இல்லப்பா. வேட்டிய நாந்தான் ஒதறி அலசினேன். ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"முடிச்சு அவுந்து கெடந்துச்சு. உள்ள ஒண்ணுமில்ல."

"அப்ப ஏழும் தீந்துருக்கும். ஒரு கல்லு மிஞ்சியிருந்தா ஒரு வெடி உள்ள கெடக்குன்னு அர்த்தம். அதான் கேட்டேன்."

நான் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன். முட்டி இன்னும் வலித்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. முழுக்கத் தெரிந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் தெரிந்தது.

அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். தா என்றார். பிறகு நிறுத்தவே இல்லை. தா தா தா என்று, மூச்சு வாங்க, எச்சில் ஒழுக. அம்மா தண்ணீரைக் கொண்டு ஓடினாள். மிலிட்டரி தாத்தா, "கெணத்துப் பேச்ச எடுக்காதய்யா, பழசு ஞாவகம் வருது" என்றார். சித்தப்பா குனிந்து, "தோ வந்துட்டேண்ணா, இங்கதான இருக்கேன்" என்றார். அப்பா இடது கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. பித்தான் தெறித்தது. சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கயும் போவலண்ணா. காலையில வேலையப் பாத்துட்டு நேரா இங்கதான் வருவேன்" என்றார். அம்மாவும் தாத்தாவும் சேர்ந்து அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஐந்து விரல். ஒவ்வொன்றும் பிரிகிறதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல் என் இடுப்பில் இருந்தது. வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். அம்மா அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தெற்கேயிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒரே சத்தம். கூரை ஓட்டிலிருந்து மண் உதிர்ந்து கஞ்சியில் விழுந்தது. அப்பா இடது கையை மெல்லத் தூக்கினார். மூடியிருந்த விரல்களை, கல்லை வீசுகிறவர் மாதிரி, காற்றில் விரித்தார். அதில் ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பொழுது சாயும் வரைக்கும் அவர் தா என்று சொல்லவில்லை.

சித்தப்பாவின் கடப்பாரை அதன் மேலேயே இறங்கியிருக்கிறது. வேறு ஒன்றும் எழுத எனக்குத் தெம்பில்லை. துணியில் மூட்டையாகத்தான் மேலே தூக்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் கொல்லைக்குப் போய், கல்லை எங்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் பள்ளம் தோண்டிப் புதைத்தேன். அதன் மேல் நின்று மிதித்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சித்தி வந்தாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, இரண்டு பிள்ளைகள். ஊருக்குப் போகிறோம், அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்றாள். அப்பா அவளைப் பார்த்ததும் உடம்பெல்லாம் குலுங்க "தா" என்றார். அவளுக்கும் அது கூப்பிட்ட மாதிரிதான் கேட்டது. "வச்சினா அண்ணா, வந்துட்டேன்" என்று கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அவர் காலில் தலையை வைத்துக்கொண்டாள். அவர் தா, தா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அல்லது என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவர் வாயில் அது ஒன்றுதான்.

எழுந்து போகும்போது சித்தி அம்மாவிடம் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"மடியில கல்லு இல்லன்னு சொன்னீங்களாமே அக்கா."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து ஊரில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. அவள்தான் வேட்டியை உதறும்போது கல்லைத் தொலைத்துவிட்டாள், பார்க்காமலே இல்லை என்று சொல்லிவிட்டாள், ஒரு குடும்பம் போனது என்று. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அவள் ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. நானும் கூடவே நின்றுகொண்டிருப்பேன், சின்னக் குடத்தோடு. ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை.

சித்தி பிள்ளைகளோடு அரியலூரில் ரயில் ஏறினாள். எந்த ஊருக்கு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. ஆந்திரா என்பதோடு சரி. ஓர் எழுத்துக்கு எந்த மொழியில் என்ன அர்த்தம் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட நாங்கள், பத்து வருஷம் எங்களோடு சாப்பிட்டவர்களின் ஊர்ப் பெயரைக் கேட்டதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பா இன்னும் நாலு வருஷம் இருந்தார். பசிக்கும் தா, மழைக்கும் தா, நான் பெரியவளானதற்கும் தா. நானும் அவரும் தனியாக இருக்கிற நேரங்களில் அவர் என் கையைப் பார்ப்பார். நான் கையைப் பாவாடையில் மறைத்துக்கொள்வேன். என்னைத் திட்டுகிறாரா, பரவாயில்லை என்கிறாரா, அதுவும் தெரியாது. ஒரு பிள்ளைக்கு அதைவிடக் கொடுமை வேண்டாம். அவர் போன அன்றைக்கு நான் அழுததில் பாதி நிம்மதி.

அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கடைசி மாதம் என் வீட்டில்தான் இருந்தாள். ஒரு மத்தியானம் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். இருந்த நாலு முடியைச் சிக்கெடுத்துக்கொண்டே, அவள் முகம் தெரியாத பக்கத்தில் நின்றுகொண்டு, சொல்லிவிட்டேன். அந்தக் கல் என்னிடம்தான் இருந்தது, வண்டியில் அப்பா கையிலிருந்து விழுந்தது, சித்தப்பா கேட்டபோது என் இடுப்பில் இருந்தது, உனக்குப் பயந்துகொண்டு சொல்லவில்லை என்று. அத்தனை வருஷம் அதைச் சுமந்ததற்கு, சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அம்மா மடியில் உதிர்ந்த முடியை விரலில் சுற்றினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"நீ சொன்னே தாயி. அன்னைக்கே சொன்னே. அம்மா, எங்கிட்ட ஒரு கல்லு இருக்குன்னு எம் முந்தானையப் புடிச்சி இழுத்தே. நாந்தான் காதுல வாங்காம போடி அந்தாண்டன்னு தொரத்துனேன். எனக்கு நல்லா ஞாவகம் இருக்கு."

"இல்லம்மா, நான் சொல்லல."

"சொன்னே. சின்னப் புள்ள, ஒனக்கு மறந்துபோச்சு."

அதற்குப் பிறகு நான் மூன்று தடவை அந்தப் பேச்சை எடுத்தேன். மூன்று தடவையும் அவள் வார்த்தை மாறாமல் அதையே சொன்னாள். சொல்லிச் சொல்லி முந்தானையின் நிறம்கூடச் சொன்னாள். போகிற அன்றைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னே" என்றுதான் சொன்னாள்.

நான் சொல்லவில்லை.